ஒரே லாட் பனியன்

அந்தோணிராஜ் டாக்காவுக்கு வேலைக்குப் போன பிறகுதான் நாங்கள் கம்ப்யூட்டரில் ஆட ஆரம்பித்தோம். ஆரம்பித்ததே அவனுக்காகத்தான். அப்படி இருந்தும் இரண்டாயிரத்து ஒன்பது ஆடி மாசத்தில், அவன் எங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. எனக்கு அது பயமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நான் ஒன்றும் ஊரெல்லாம் சிநேகிதம் வைத்திருக்கிற ஆள் இல்லை. இருக்கிறதே மூன்று பேர், அதில் ஒருத்தன் போனால் என்ன மிச்சம்?

நான் கந்தவேல். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் போடுகிறவன். சித்ராதேவி அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையரிடம் திட்டு வாங்குவதும், வாங்கியதைக் குறையாமல் எங்களுக்குப் பங்கு வைப்பதும் அவர் வேலை. சாமியப்பண்ணன் முதலிபாளையத்தில் லேபிள், பட்டன், பாலிபேக் கடை வைத்திருக்கிறார். அந்தோணி தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். எங்கள் கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தான். கட்டி ஒட்டி அடுக்கிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, நடுவில் இருந்து ஒரு பீஸை உருவி, தையலை இழுத்துப் பார்ப்பான். பேக்கிங் செக்‌ஷனில் அவனுக்கு நல்ல பேர் கிடையாது.

ஆட்டம் எங்களுக்கு எப்படி வந்தது என்றால், ஆர்டர் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் இருபது முகப் பகடை நாலையும் ஒரு தடிப் புத்தகத்தையும் கெஸ்ட் ரூமில் விட்டுவிட்டுப் போனான். ஒருத்தர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடக்க வேண்டும், அடியா தப்பா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்கிறவன் நான். அந்தோணி கேடயக்காரன் கோட்டையன். சித்ராதேவி பூவாத்தா என்கிற கன்னக்கோல் திருடி. மூணு வருஷமாக அந்தப் பூவாத்தாவை அவர் வளர்த்த அக்கறையில் பாதி புருஷன் மேல் காட்டியிருந்தால் அவர் வீட்டில் சண்டையே வந்திருக்காது என்று சாமியப்பண்ணன் சொல்வார். சாமியப்பண்ணனின் ஆள் வில்லாளி. கல்லாப்பெட்டியை விட்டு நகராத அவரைப் போலவே வில்லாளியும் எப்போதும் வரைபடத்தின் ஒரு மூலையில் தூரமாக நிற்பான்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. பகடை உருண்டபிறகு எதையும் மாற்றக் கூடாது. ஒரு தடவை சாமியப்பண்ணன் விழுந்த பகடையை விழவே இல்லை என்று சாயங்காலம் பூரா வாதாடி, வாங்கி வைத்த பஜ்ஜியெல்லாம் ஆறிப்போனது. அப்போது அந்தோணி போட்ட சட்டம் அது. "வெட்டுன துணிக்குப் பேட்டர்ன் மாத்தப்படாது" என்றான். துணிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அவன் டாக்கா போனதும் நான் இணையத்தில் தேடி, தூரத்தில் இருப்பவர்கள் சேர்ந்து ஆடுவதற்கென்றே ஒரு மென்பொருளைப் பிடித்தேன். திரையில் கட்டம் போட்ட தரை, பாத்திரத்துக்கு ஒரு வில்லை, உருளும் பகடை எல்லாம் உண்டு. நாங்கள் அதை மேசை என்றே சொன்னோம். ஞாயிறு சாயங்காலம் நான் கம்பெனியில் பேட்டர்ன் போடும் கம்ப்யூட்டர் ரூமில் முதலாளி சம்மதத்தோடு உட்காருவேன். சித்ராதேவி பல்லடத்தில் அவர் வீட்டில் இருந்து. சாமியப்பண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிய கடையில் இருந்து. அந்தோணி அங்கே ஏதோ ஒரு நெட் சென்டரில் இருந்து. காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொள்வோம்.

முதல் சில வாரம் அந்தோணிதான் முதலில் வருவான். பிறகு தாமதமாக வந்தான். பிறகு வந்தும் பேசுவதில்லை. அவன் முறை வந்தால் "அடிக்கேன்" என்று ஒரு சொல், அவ்வளவுதான். வேலை ஜாஸ்தியா என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்பான். ஒண்ணுமில்லை என்று ஒருத்தன் இத்தனை தடவை சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"அவன் இல்லாட்டி ஆட்டம் நடக்காதுன்னு அவனுக்குத் தோணோணுமுங்க" என்றார் சித்ராதேவி, கேன்டீனில் டீ குடிக்கும்போது. "நீங்கதான் கதைக்காரரு. அவனுக்குன்னு ஒரு சாமானம் பண்ணிக் குடுங்க. மாயக் கேடயமோ மண்ணாங்கட்டியோ. அது இருந்தா எல்லாருக்கும் அவன் வேணும்கிற மாதிரி."

எனக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. ஆனால் கேடயம் செய்யவில்லை, பனியன் செய்தேன். திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு வேறு என்ன செய்வது? ஒரே தொட்டியில் ஒன்றாகச் சாயம் ஏறிய துணியை ஒரே லாட் என்போம். அதே நீலத்தை அதே ஆள் மறுநாள் காய்ச்சினாலும் ஒரு சாயல் மாறும். லாட் கலந்து தைத்தால் கை ஒரு நீலம், உடம்பு ஒரு நீலமாகப் பல்லைக் காட்டும். அதனால் ஒரே லாட் துணியில் தைத்த மாயப் பனியன் மூன்று. மூன்று பேரும் ஆளுக்கொன்று போட்டுக்கொள்ள வேண்டும். ஒருத்தருக்கு அடி விழுந்தால், பக்கத்தில் நிற்கும் இன்னொருத்தர் அதைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளலாம். கேடயக்காரன் எப்போதும் நடுவில் நிற்கிறவன், அதனால் எல்லாருக்கும் அந்தோணி வேண்டும்.

வாயால் சொல்வது சுலபம். மேசைக்கு அதைப் புரிய வைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. காகிதத்தில் ஆடும்போது "நான் வாங்கிக்கிறேன்" என்று கையைத் தூக்கினால் போதும். மேசைக்கு ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். எது நடந்தால் இது வேலை செய்ய வேண்டும்? அடி பகடை விழுந்ததும். யாருக்கு? அடி வாங்கியவருக்கு இல்லை, பக்கத்தில் நிற்பவருக்கு. பக்கம் என்றால் எத்தனை கட்டம்? இரண்டு. கேட்காமலே ஏற்றிவிடலாமா, கேட்க வேண்டுமா? கேட்டுத்தான் ஏற்ற வேண்டும். அதற்குத் திரையில் ஒரு சின்ன ஜன்னல் திறந்து "ஏற்கிறாயா?" என்று கேட்கும்படி வைத்தேன். கீழே இரண்டு பொத்தான், ஆமாம், வேண்டாம். எவ்வளவு ஏற வேண்டும் என்ற இடத்தில் யோசிக்காமல் "முழு அடி" என்று போட்டேன்.

சனிக்கிழமை இதை முடித்த சந்தோஷத்தில், மேசையில் சாமான்களைச் சேர்த்து வைக்கிற லைப்ரரியில் இருந்த அந்தப் பனியனை இழுத்து மூன்று பேர் அட்டையிலும் போட்டுவிட்டேன். அட்டை என்பது ஒவ்வொரு பாத்திரத்தின் உயிர், பலம், கையிருப்பு எல்லாம் இருக்கிற பக்கம்.

ஞாயிறு காலையில்தான் இரண்டு பொம்மை ஆட்களை நிறுத்தி அடித்துப் பார்த்தேன். உதவிக்குப் போகிறவன் இரண்டே அடியில் செத்து விழுந்தான். இது பனியனா பாடையா என்று எனக்கே ஆத்திரம் வந்தது. லைப்ரரியைத் திறந்து "முழு அடி" என்பதைப் "பாதி அடி" என்று மாற்றினேன். அடி வாங்கியவருக்குப் பாதி, ஏற்றவருக்குப் பாதி. புதிதாக இரண்டு பொம்மைக்குப் போட்டு அடித்தேன், கச்சிதமாகப் பாதி பாதியாகப் பிரிந்தது. எல்லாருக்கும் மெயில் அனுப்பினேன். அடி ஏற்றால் பாதிதான் ஏறும், தைரியமாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று.

மூன்று அட்டைகளையும் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேட்டர்ன் போடும் மென்பொருளில் மீடியம் சைஸ்தான் தாய். மீடியத்தில் தோளை ஒரு நூல் இறக்கினால் ஸ்மாலும் லார்ஜும் எக்ஸ்எல்லும் தானாக இறங்கும். ஒவ்வொன்றாகத் திறந்து திருத்துகிறவனைப் பார்த்தால் நாங்கள் சிரிப்போம். அந்தப் பழக்கத்தில் ஊறிப்போன கை என் கை. மேசை அப்படி இல்லை. அட்டைக்கு இழுத்துப் போட்ட நிமிஷத்தில் அது தனிச் சாமான் ஆகிவிடும், அதற்கப்புறம் லைப்ரரிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

அன்று சாயங்காலம் அந்தோணி நேரத்துக்கு வந்தான். நான் உள்ளே போவதற்கு முன்பே அவன் பெயர் திரையில் இருந்தது. எனக்கு ஒரே குஷி.

"என்னப்பா, பனியனைப் பார்த்தியா?"

"பாத்தேண்ணே. நல்லாருக்கு."

கதை சாயப்பட்டறைக்குள் போயிற்று. தொட்டிக்குள் படுத்திருக்கிற பூதம், ஒவ்வொரு அடிக்கும் நிறம் மாறும். வாசலில் நான் வைத்திருந்த பொறியைப் பூவாத்தா ஏற்கெனவே மிதித்து, அவள் உயிர் பதினொன்றுக்கு வந்திருந்தது. கோட்டையனுக்கு உயிர் முழுதாக நாற்பது. வில்லாளி வழக்கம்போல மூலையில்.

பூதம் பூவாத்தாவை அடித்தது. பதின்மூன்று. கோட்டையனுக்கு ஜன்னல் திறந்தது, அந்தோணி ஆமாம் என்றான். பூவாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. "அட, பனியன் பரவால்லீங்க!" என்று சித்ராதேவி கை தட்டினார். நான் பூதத்தின் நிறத்தை மாற்றுகிற மும்முரத்தில் எண்களைப் பார்க்கவில்லை. மறுபடி பூவாத்தாவை அடித்தது. பதினேழு. மறுபடி அந்தோணி ஆமாம். அடுத்து பூதம் திரும்பிக் கோட்டையனையே அடித்தது. பகடை உருண்டது. பதினாறு. இந்தத் தடவை பூவாத்தாவுக்கு ஜன்னல் திறந்தது.

அப்போதுதான் கோட்டையனின் உயிரைப் பார்த்தேன். பத்து.

"யாரும் எதையும் அமுக்காதீங்க! கொஞ்சம் இருங்க" என்று கத்தினேன். நாற்பதில் பதின்மூன்றும் பதினேழும் போய்ப் பத்து. பாதி பாதியாகப் போயிருந்தால் இன்னும் இருபத்தைந்தாவது இருக்க வேண்டும். அட்டையைத் திறந்தேன். முழு அடி என்றே இருந்தது. மூன்று அட்டையிலும் அப்படியே இருந்தது.

"என் தப்புங்க" என்றேன். "லைப்ரரில மாத்துனது உங்க பனியன்ல ஏறலீங்க. இருங்க, இப்பவே மூணையும் திருத்திடறேன். இந்த அடியில சித்ராக்கா பாதி ஏத்துக்கிட்டா ரெண்டு பேரும் பொழச்சுக்குவாங்க."

"பகட உருண்டாச்சுண்ணே" என்றான் அந்தோணி. "வெட்டுன துணிக்குப் பேட்டர்ன் மாத்தப்படாது. கோட்டையன் போனாப் போவட்டும்."

"அடேய், மென்பொருள் கோளாறுக்கெல்லாம் சட்டம் பேசுவியா?"

"கோளாறு இல்லண்ணே. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

அவன் பக்கத்தில் இருந்து ஒரு ரிக்‌ஷா மணி கேட்டது. "வந்த ஒடனே எம் பனியனத் தெறந்து பாத்தேன். மெயில்ல பாதின்னு இருக்கு, பீஸுல முழுசுன்னு இருக்கு. சாம்பிளத் திருத்திட்டு, பெட்டிக்குள்ள இருக்கத விட்டுட்டியன்னு தெரிஞ்சுது."

இவன் பெட்டியைப் பிரிக்காமல் இருப்பானா? எனக்கு எங்கே போயிற்று புத்தி? ஆனால் என் கோபம் இப்போது அவன் மேல் திரும்பிவிட்டது.

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே? தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு தடவையும் ஆமாம் அமுக்குனியா?"

"விட்டுட்டுப் போறேன்னு ஒங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலண்ணே" என்றான். "கோட்டையன் செத்துட்டான்னு வைங்க. சரி, அந்தோணி கத முடிஞ்சிட்டுன்னு நீங்களும் விட்டுருவிய. யாருக்கும் வருத்தமிருக்காது. அதான்."

நான் அவனுக்காகப் பண்ணின சாமான். அதையே வாசலாக்கிக்கொண்டு வெளியே போகப் பார்த்திருக்கிறான். சாமியப்பண்ணன் "என்னடா கண்ணு இது" என்றார்.

அடுத்துச் சித்ராதேவி பேசினார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை, பையரிடம் பேசுகிற குரல்.

"பேட்டர்ன் மாத்தப்படாது, அப்படித்தானே அந்தோணி?"

"ஆமாக்கா."

"கந்தவேலு, எம் பனியனும் பழசுதானுங்க?"

"ஆமாங்க, மூணுமே பழசுதான்."

"அப்ப நான் ஏத்துக்கிட்டா முழு அடியும் எனக்குத்தான் வரும். அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்குப் பதினொண்ணுதான் இருக்குதுங்க. அடி பதினா..."

முடிக்கவில்லை. அவர் மவுஸை அமுக்கிய சத்தம் என் காதிலேயே கேட்டது. பூவாத்தாவின் வில்லை சாம்பல் நிறமாகிப் படுத்துவிட்டது. கோட்டையன் பத்து உயிரோடு நின்றுகொண்டிருந்தான்.

"என்னத்தக்கா செஞ்சிய!" என்று அந்தோணி அலறினான். "மூணு வருசம்க்கா அது!"

"அதென்னமோ போ. சட்டப்படிதானே செத்திருக்கா, எவனும் குத்தம் சொல்ல முடியாது" என்றார் சித்ராதேவி. குரல் லேசாக உடைந்ததை மறைக்க ஒரு தரம் இருமினார். "இன்னிக்கு நீ சாவறதுக்கு வழியில்ல கண்ணு. போகோணும்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போ. நாங்க என்ன, உன்ன அடிச்சா போடப்போறோம்?"

இந்த மாதிரி நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு ரொம்பக் கஷ்டம்.

"எனக்குப் போவ மனசு இல்லக்கா" என்றான் அந்தோணி. அழுதுகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். "இங்க வெள்ளிக்கெழமதான் லீவு. ஞாயித்துக்கெழம வேல நாளு. வாராவாரம் தையல் லைன் ஓடும்போதே பாதியில கெளம்பி வாரேன். மேனேஜர் போன வாரமே கூப்புட்டுச் சொல்லிட்டாரு, இனிமே இப்படிப் போனா ஒரேயடியாப் போயிருன்னு."

வங்காளதேசத்தில் வெள்ளிக்கிழமை லீவு என்பது எங்களுக்குத் தெரியாததா? அந்த ஊர்க் கம்பெனிகளுக்கு மெயில் அனுப்பினால் வெள்ளிக்கிழமை பதில் வராது என்று சித்ராதேவி வாராவாரம் புலம்புவார். அவன் முதலில் "நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுதேன்" என்று சொன்னான், நாங்கள் மூன்று பேரும் நிம்மதியாக அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டோம். ஞாயிறு என்றால் எல்லாருக்கும் ஞாயிறுதான் என்று இருந்துவிட்டோம்.

"கேட்டிருந்தா நாளை மாத்தியிருப்போமேடா" என்றேன்.

"எப்படிண்ணே கேக்க? அங்க சனிக்கெழம சம்பளம், அதுக்குள்ள அந்த வாரத்து வேலைய முடிச்சாவணும். வெள்ளிக்கெழம உங்க மூணு பேருக்கும் மூச்சுவிட நேரமிருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நானும் அங்க இருந்தவன்தான்."

அது நிஜம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருப்பூரில் சும்மா இருக்கிறவன் எவனும் கிடையாது. சித்ராதேவிதான் முதலில் ஒரு வழி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மேல எவன் பட்டன் வாங்க வர்றான்?" என்றார் சாமியப்பண்ணன். சுத்தப் பொய். அன்றைக்குத்தான் அவர் கடையில் கூட்டம் தள்ளும். "ஷட்டர எறக்கிடறேன். வேணுங்கறவன் சனிக்கிழமை காலையில வரட்டும்."

"நான் ஷிப்மென்ட் மெயிலைப் போட்டுட்டு ஓடியாந்தர்றேங்க" என்றார் சித்ராதேவி. நான் முதலாளியிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். என்ன கேட்பது என்று அப்போது எனக்குத் தெரியாது.

திரையில் கோட்டையனின் வில்லை நகர்ந்தது. ஒரு கட்டம், இன்னொரு கட்டம் என்று போய், படுத்துக்கிடந்த பூவாத்தாவின் பக்கத்தில் நின்றது. அன்றைக்கு ஆட்டம் அதோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை சித்ராதேவி புது ஆளோடு வந்தார், ஒரு நாட்டு வைத்தியச்சி. பூவாத்தாவை எப்படியாவது எழுப்பலாம் என்று நான் கதையில் வழி வைத்திருந்தேன். வேண்டாம் என்றுவிட்டார். வைத்தியச்சிக்கும் ஒரு பனியன் கொடுக்க லைப்ரரியைத் திறந்தபோது அந்தோணி குறுக்கே வந்தான்.

"அண்ணே, லைப்ரரில என்ன இருக்கு? பாதியா?"

"பாதிதான். மத்த ரெண்டையும் இப்பவே பாதியாக்கிடறேன், பயப்படாத."

"வேண்டாம்ணே" என்றான். "அக்காவுக்கும் முழுசே போடுங்க. நம்ம எல்லாருக்கும் முழுசே இருக்கட்டும்."

சரி என்று வைத்தியச்சியின் பனியனையும் முழு அடியாக்கிவிட்டு, நான் ஒவ்வொரு அட்டையாகத் திறந்து பார்த்தேன்.